பத்து மாதத்துக்கு முந்தைய வாய்

நீ இதை இப்போது படிக்க முடியாது. உனக்குப் பதினொன்றரை வயது. தமிழில் உன் பெயரை எழுதுவாய், கடைப் பலகையில் இரண்டு எழுத்தைக் கூட்டிப் பார்ப்பாய், அவ்வளவுதான். அதற்கும் காரணம் நான்தான். டெல்லி ஜனக்புரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடக்கிறது, அனுப்புவோம் என்று உன் அம்மா இரண்டு வருஷமாகச் சொன்னாள். அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் குத்துச்சண்டைப் பயிற்சி. உனக்கு எது வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நானே முடிவு செய்தேன். என்றைக்காவது தமிழ் படித்து, இருபத்தைந்து வயதில் இதைப் புரிந்துகொள்வாய் என்று கணக்குப் போட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இப்போது முப்பத்து நான்கு. கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தொழிற்சாலையில் நான் எழுதுவதெல்லாம் வரைபடத்தின் ஓரத்தில் நாலு வார்த்தை: இங்கே அரை மில்லிமீட்டர் கூட்டு, இந்த மூலையை உருட்டு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் முன்பல் போனது உன் தப்பில்லை, என் தப்பு. அது ஏழு மாதமாக எனக்குத் தெரியும்.

இதை எழுத வைத்தது போன வாரம் நடந்த உன் சித்தியின் கல்யாணம். கரோல் பாக் மண்டபத்தில் போட்டோக்காரர் எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னபோது செயற்கைப் பல்லைச் சாப்பிடக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்த நீ மட்டும் உதட்டை மூடிக்கொண்டு நின்றாய். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பெரியம்மா சும்மா இருப்பாளா, உன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "ஏல ராசா, முன்பல்லு எங்கல? எலி கொண்டு போயிட்டோ?" நீ வெட்கப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி உன் தமிழில் சொன்னாய்: "பாக்ஸிங்ல போச்சு. அப்பா கம் ஷீல்டு பனாக்கே குடுத்தாங்க. நான்தான் போட்டுக்கல. மேரீ கல்தி." பல்லுக்கு அப்பா உறை செய்து கொடுத்தார், என் தப்பு என்று பாதி இந்தியில் சொல்லி முடித்தாய். பெரியம்மா அசந்துபோனாள். "பாருங்க, புள்ளன்னா இப்படில்லா இருக்கணும். தப்ப எப்படி ஒத்துக்கிடுதான் பாருங்க. நல்லா வளத்திருக்கீங்க தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், அதற்கும் தலையை ஆட்டினேன். கையிலிருந்த பாயசத்தைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றேன். நீ அதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருந்தால் அவ்வளவு சரளமாக வந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

உன்னைக் குத்துச்சண்டைக்குச் சேர்த்ததில் எனக்கு வெட்கமில்லை. பள்ளி பஸ்ஸில் இரண்டு பையன்கள் உன்னை 'ஓயே மதராஸி' என்று கூப்பிட்டு, இட்லி டப்பாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாகக் கவிழ்த்துவிட்டு, காலி டப்பாவைத் திருப்பித் தந்தார்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசலாம் என்றாள். பேசிப் பேசி எது நடந்தது இந்த ஊரில் என்றேன் நான். ஏசியாட் விளையாட்டுப் போட்டிகள் முடிந்த புதிது. டெல்லியில் தெருவுக்குத் தெரு ஏதோ ஒரு விளையாட்டை ஆரம்பித்திருந்தார்கள். நம் பிளாக்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் அவரை உஸ்தாத்ஜி என்றார்கள். கொண்டுபோய் நிறுத்தினேன். நாலே மாதத்தில் உன் நடையே மாறியது. இட்லி டப்பா பத்திரமாக வீட்டுக்கு வந்தது. அது வரைக்கும் சரி.

மற்றதெல்லாம் கம் ஷீல்டில்தான் கெட்டது. மேல்வரிசைப் பல்லின் மேல் மாட்டிக்கொள்கிற ரப்பர் உறை அது. உதட்டில் அடி விழுந்தால் பல் தாங்கவும், பல்லில் உதடு கிழியாமல் இருக்கவும் போட்டுக்கொள்வது. இந்த உஸ்தாத்ஜியிடம் பட்டாளக் காலத்து உறைகள் மூன்று இருந்தன. இருபத்திரண்டு பையன்களுக்கு மூன்று. பெர்மாங்கனேட் கரைத்த சிவப்புத் தண்ணீரில், ஒரு ஸ்டீல் டம்ளரில் ஊறிக்கொண்டிருக்கும். ஒருவன் துப்பியதும் அதில் முக்கி எடுத்து, உதறி, அடுத்தவன் வாயில் வைத்துவிடுவார். நீ வீட்டில் வந்து அதை வேடிக்கையாகச் சொன்ன அன்று உன் அம்மா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். "அடுத்தவன் எச்சிய எம்புள்ள வாயில வைக்கவா? தட்டுல கை பட்டாலே கழுவுத வீடு இது. இவம் இருவத்தோரு பேரு எச்சியக் கடிச்சிட்டு வந்து நிக்கான்!" இனி அந்தப் பக்கம் போகவே கூடாது என்றாள். நானோ, இதெல்லாம் ஒரு விஷயமா, நானே செய்து தருகிறேன் என்றேன். எனக்கு அச்சு செய்கிற தொழில். மாயாபுரியில் எங்கள் டூல் ரூமில் பிரஷர் குக்கர் காஸ்கெட்டுக்கு அச்சு செய்கிறோம். சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் போகிற ரப்பர், வாய்க்கும் கெடுதல் கிடையாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பினால் வேலையைத் தூக்கி எறிகிற ஆள் நான். ஒரு பையனுடைய வாய்க்குச் செய்ய முடியாதா?

திலக் நகரில் இருக்கிற பல் டாக்டர் சர்தார்ஜியிடம் உன்னைக் கூட்டிப்போனேன். அவர் பசை நிரப்பிய கரண்டி ஒன்றை உன் வாயில் அழுத்தி அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி, உன் மேல்வரிசைப் பல்லை அப்படியே வெள்ளையாகக் கையில் கொடுத்தார். அது மார்ச் மாதம். அந்த மாடலின் அடியில் நானே பென்சிலால் மாதத்தை எழுதினேன். பிறகு ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் அதற்கே செலவழித்தேன். முன்பக்கம் மூன்று மில்லிமீட்டர் கனம், பின்னால் இரண்டு, மாடலில் வைத்து அழுத்தினால் சின்னதாக ஒரு சத்தத்தோடு உட்கார வேண்டும், கவிழ்த்தாலும் விழக் கூடாது. விழவில்லை. ஃபோர்மன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வாஹ்" என்றார். அந்த வாஹ்தான் என் மண்டைக்குள் ஏறியது. நீ அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனதும் பையன்கள் மோந்து பார்த்திருக்கிறார்கள். "ஓயே குக்கர், ஸீட்டி மார்!" விசிலடி குக்கர் என்று கேலி. நீயும் மூக்கால் விசில் மாதிரி சத்தம் எழுப்பி அவர்களைச் சிரிக்க வைத்தாயாம். உனக்கு அப்போது என் வேலையைப் பற்றிப் பெருமைதான். யார் செய்தது என்று இன்னொருவன் கேட்டதற்கு, 'மேரே பாபா இன்ஜினியர் ஹைன்' என்றாயாம். நான் டிப்ளமோதான். நீ பட்டம் கொடுத்திருந்தாய்.

ஜூலையில் முதல் தடவை சொன்னாய், குத்துகிறது என்று. "அப்பா, இங்க சுப் ரஹா ஹை." வலப்பக்கம் மேலே விரலை வைத்துக் காட்டினாய். நான் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "போட்டுப் பழகுல, சரியாப் போகும்" என்றேன். செப்டம்பரில் அம்மா சொன்னாள். "ஏங்க, அவனுக்கு மேல சிங்கப்பல்லு எட்டிப் பாக்குது. கடவாப் பல்லும் ரெண்டு விழுந்து மொளைக்குது. நீங்க செஞ்சது குத்துதுங்கான்." வாயைத் திறந்து பல் எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை என்றேன். தீபாவளி முடிந்து மூன்றாவது தடவை நீயே வந்தாய். எனக்கு வேலைக்குக் கிளம்புகிற அவசரம். உறையை வாங்கி உன் வாயில் வைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். உன் கண்ணில் தண்ணீர் வந்தது. "பாத்தியா, உக்காந்துட்டா? எல்லாம் ஒன் மனசுதாம்ல" என்றேன். வலியில் வந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னேன். உனக்கும் நாளைக்கு ஒரு தொழில் இருக்கும். அதில் உனக்கு நல்ல பெயரும் வரும். அந்த நாளில் உன்னிடம் ஒருவன் வந்து வலிக்கிறது என்று சொன்னால், உன் வேலையைப் பார்க்காதே, அவனைப் பார். எனக்கு முப்பத்து நாலு வயதில்தான் இது தெரிகிறது. அதுவும் உன் பல்லை வைத்துத் தெரிகிறது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து காலனிப் பையன்களோடு போட்டி. பனி விலகாத காலை. கயிறு கட்டிய மேடைக்கு முதல் வரிசையில், மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். உன் மேலுதடு உப்பியிருந்தது, உறை வாயில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நாக்கை உதட்டுக்குள் மடித்து நீ உப்ப வைத்திருந்தாய் என்று பிற்பாடு சொன்னாய். நடுவரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் எதிரே இருந்த பையனின் வலது கை நேராக வந்து வாயில் விழுந்தது. நீ உட்கார்ந்துவிட்டாய். உஸ்தாத்ஜி ஓடிவந்து உன்னைத் தூக்கும்போது உன் சட்டையெல்லாம் ரத்தம். நானும் மேடை ஏறினேன். ஏறியவன் முதலில் பார்த்தது உன் வாயை இல்லை. உன் இடது கால் சாக்ஸில் ஏதோ புடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். உருவி எடுத்தால் என் கம் ஷீல்டு.

அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, "ஜுராப் மே! ஜுராப் மே ரக்கா தா!" என்று கத்தினேன். சாக்ஸில் வைத்திருக்கிறான் பாருங்கள் என்று. உஸ்தாத்ஜி பஞ்சை உன் வாயில் அமுக்கிக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னார். "ஸாஹப், அது குத்துகிறது என்று பையன் என்னிடம் சொன்னான். வீட்டில் சொல்லு என்றேன்." நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வேலையில் குறை என்று நாற்பது பேர் முன்னால் ஒருவர் சொல்லிவிட்டார். எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. "ஏக் மினட்" என்றேன். ரத்தத்தோடு உன்னை அங்கே விட்டுவிட்டு, ஸ்கூட்டரை உதைத்து வீட்டுக்குப் போனேன். எதற்கு? பிளாஸ்டர் மாடலை எடுத்துவர. ரேடியோவுக்குப் பக்கத்தில் அது இருந்தது. வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று ஒரு துண்டை எடுத்து நிதானமாகச் சுற்றினேன். பிளாஸ்டர் பல் உடையக் கூடாது என்று! "என்னாச்சு? அவன் எங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஒம்புள்ள பல்ல ஒடச்சுக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன். அவள் ஸ்வெட்டர்கூட மாட்டாமல், செருப்பும் சரியாகப் போடாமல், பின்னால் ஓடியே வந்தாள்.

மைதானத்தில் எல்லார் நடுவிலும் மாடலை உள்ளங்கையில் வைத்து, உறையை அதன்மேல் அழுத்தினேன். அந்தச் சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. கவிழ்த்துக் காட்டினேன். விழவில்லை. "தேக்கோ. பில்குல் ஃபிட்." பாருங்கள், அச்சாக உட்காருகிறது என்றேன். பென்சிலால் எழுதின மார்ச் மாதம் என் உள்ளங்கைக்குள் இருந்தது. நான் உட்பட யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. பெஞ்சில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நீ அந்த மாடலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பஞ்சுக்குள்ளிருந்தே "ஸாரி அப்பா" என்றாய். உனக்கும் அன்றைக்கு அது நிரூபணமாகிவிட்டது. வலித்தது உனக்குத் தெரியும், ஆனாலும் வலித்திருக்க முடியாது என்று உன்னையே நம்ப வைத்துவிட்டேன். அந்த நேரம்தான் அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "கெட்டிக்காரத்தனத்த பொறவு காட்டுங்க. வண்டிய எடுங்க மொதல்ல!"

ஞாயிற்றுக்கிழமையாதலால் சர்தார்ஜி டாக்டரை அவர் வீட்டில் போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. உன் வாயைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "தாந்த் கஹான் ஹை?" பல் எங்கே? ஒன்று முனை உடைந்திருந்தது. பக்கத்துப் பல் வேரோடு போயிருந்தது. அந்தப் பல் எங்கே என்று கேட்கிறார். அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேரோடு விழுந்த பல்லைப் பாலில் போட்டு அரை மணிக்குள் கொண்டுவந்திருந்தால் திரும்ப நட்டுப் பார்த்திருக்கலாம், ஒட்டிக்கொள்ளவும் கூடும் என்றார். மைதானத்து வாசலுக்கு நேர் எதிரில் பால் பூத் இருக்கிறது. நாம் டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அதில் எவ்வளவு நேரம் நான் மாடல் எடுக்கப் போய்வந்தது, எவ்வளவு நேரம் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டியது என்று அப்போதே மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை. "இவன் போட்டுக்கொள்ளவில்லை டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். அன்று மதியம் அம்மா தனியாகத் திரும்பிப் போய் மண்டிபோட்டு மைதானம் பூராவும் தேடினாள். அதற்குள் பெருக்கித் தள்ளியிருந்தார்கள்.

இதுவரைக்கும் நான் செய்தது முட்டாள்தனம். இதற்கு மேல் செய்ததற்கு வேறு பெயர். மூன்று வாரம் கழித்து, புண் ஆறியதும், கழற்றி மாட்டுகிற செயற்கைப் பல் வைக்க டாக்டர் மறுபடி அச்சு எடுத்தார். வேலை முடிந்ததும் அந்தப் புது மாடலைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பழைய உறையை எடுத்து அதன்மேல் வைத்தேன். உட்காரவில்லை. வலப்பக்கம் புதிதாக இறங்கியிருந்த சிங்கப்பல்லின் மேல் ஏறி, காலுடைந்த ஸ்டூல் மாதிரி ஆடியது. முன்பக்கம் பல்லைத் தொடவே இல்லை, நாலு மில்லிமீட்டர் இடைவெளி. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன், வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு. நீ விரல் வைத்துக் காட்டிய அதே இடம். அது பத்து மாதத்துக்கு முந்தைய வாய்க்குச் செய்தது. உன் வாய் வளர்ந்துவிட்டது. உலோகத்தோடு வேலை செய்கிறவனுக்கு, ஒருதரம் அளந்தால் அளந்ததுதான். பத்து வயதுப் பையனின் வாயில் மாதத்துக்கு மாதம் ஒன்று விழுகிறது, ஒன்று முளைக்கிறது என்பதை அம்மா கண்ணால் பார்த்துச் சொன்னாள், நீ வலியால் சொன்னாய். நான் மாடலை நம்பினேன். பிறகு அந்தப் புது மாடலைப் பழைய துணியில் சுற்றி, டூல் பெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

பூட்டிவிட்டு ஏழு மாதம் சும்மா இருந்தேன். உஸ்தாத்ஜிக்கு ஒரு சட்டம் உண்டு. உறை போடாமல் மேடை ஏறினவன் ஒரு வருஷம் கிளவுஸ் மாட்டக் கூடாது. உன்னைச் சுற்றுக்குச் சுற்று மணி அடிக்க வைத்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடிகாரத்தைப் பார்த்து மணி அடித்துவிட்டு வந்தாய். ஒரு தடவை கூட முணுமுணுக்கவில்லை. சாப்பிடும்போது செயற்கைப் பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் வைப்பாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு மனசு பொறுக்காது, "அப்பா சொன்னதக் கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமால?" என்பாள். நீ ஆமாம் என்று தலையாட்டி "ஹான்" என்பாய். நான் குழம்பை ஊற்றிப் பிசைவேன். சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. என்ன பெரிய விஷயம், எப்படியும் போன பல் வரப்போவதில்லை என்று நினைத்த நாட்கள் அதிகம். பெரியம்மா என்னைப் பாராட்டியிருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு நாள் ஓட்டியிருப்பேனோ தெரியாது.

இவ்வளவும் செவ்வாய்க்கிழமை எழுதியது. எழுதி முடித்து, கவரில் போட்டு ஒட்டி, அதன்மேல் உன் இருபத்தைந்தாவது வயதுக்கு என்று எழுதப் போன நேரத்தில்தான் எனக்கே உறைத்தது. தமிழ் தெரியாத பையனுக்குத் தமிழில் எழுதி, பதினாலு வருஷம் கழித்துப் படி என்று வைத்துவிட்டு, அது வரைக்கும் அவன் மணி அடித்துக்கொண்டிருக்கட்டும் என்றால், இதுவும் டூல் பெட்டியின் அடித்தட்டுதானே? நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய். ஆகவே மீதியை நடந்த பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் நான் வந்தபோது நீ பால்கனியில் கூலருக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். இரண்டு மாடலையும் உறையையும் எடுத்து மேஜையில் வைத்துக் கூப்பிட்டேன். பழையதில் மாட்டிக் காட்டினேன், புதியதில் வைத்துக் காட்டினேன். சிங்கப்பல், நாலு மில்லிமீட்டர், எல்லாம் சொன்னேன். இது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ உறையைக் கையில் எடுத்து, புது மாடலின்மேல் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாய். "நான் சொன்னேன்ல, அப்பா" என்றாய். அவ்வளவுதான். உறையை மேஜையில் வைத்துவிட்டு, "உஸ்தாத்ஜிகிட்ட யாரு சொல்லுவா?" என்று கேட்டாய். நான் சொல்கிறேன் என்றேன். "ஸப்கே சாம்னே?" எல்லார் முன்னாடியுமா என்கிறாய். அதை நான் யோசித்திருக்கவில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நான் கத்தியது எல்லார் முன்னாடியும்தானே. சரி என்றேன்.

அம்மா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "என் வாயாலயும் அவன வைய வச்சிட்டீங்களே" என்றாள். "ஏழு மாசமா, சோத்துத் தட்டுக்கு முன்னால உக்கார வச்சு." அவள் உன்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு மட்டும் வந்தது. அந்த நான்கு நாளும் எனக்குத் தகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மாடலையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்ற நீ பையைப் பார்த்து, "அது எதுக்கு?" என்றாய். காட்டத்தான் என்றேன். "வேண்டாம் அப்பா. போல் தோ, பஸ்." சொல்லுங்கள், போதும் என்று. எனக்கு எதையாவது கையில் வைத்துக்கொண்டு காட்டினால்தான் பேச வரும். பையைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

மைதானத்தில் பையன்கள் வரிசையாக நிற்க, உஸ்தாத்ஜி பக்கத்தில் நின்று, என் ஓட்டை இந்தியில் சொன்னேன். "கல்தி மேரீ தீ. ஷீல்டு சோட்டா ஹோ கயா தா. இஸ்னே பதாயா தா, மைனே நஹீன் ஸுனா." தப்பு என்னுடையது, உறை சின்னதாகிவிட்டது, இவன் சொன்னான், நான் கேட்கவில்லை. நாலு வாக்கியம். பின்வரிசையில் ஒரு பொடியன், "அங்கிள், தோ குக்கர் ஹீ கராப் தா?" என்று கேட்டான். அப்படியானால் குக்கர்தான் கெட்டுப்போச்சா என்கிறான். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். உஸ்தாத்ஜி சிரிக்கவில்லை. உன் கையிலிருந்த, மணி அடிக்கிற கட்டையை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். "ஒரு வருஷம் என்றது சொல் கேட்காதவனுக்கு" என்று என்னிடம் சொன்னார். "இவன் சொன்னதை நானும்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை." உன்னிடம், புது உறை வந்த அன்றைக்குக் கிளவுஸ் மாட்டலாம் என்றார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு மனசு லேசாகிவிட்டது. எனக்கு எல்லாமே அவசரம்தானே, அதற்குள் மன்னிப்பும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கே புது அச்சு எடுத்துவிடலாம், இந்தத் தடவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பேன், ரப்பரையும் இன்னும் மிருதுவாகக் கலக்கச் சொல்கிறேன் என்று ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே பேசினேன். வீட்டுக்கு முன்னால் இறங்கின பிறகுதான் சொன்னாய். "அப்பா... டாக்டர் அங்கிள் செஞ்சு குடுத்தா பரவாயில்லையா? உங்களோடது வேண்டாம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். கோபம் வருகிறதா என்று பார்த்தாய். நான் கத்தினால் எந்தப் பக்கம் விலகுவது என்று பார்க்கிற பார்வை அது. ஜூலையிலும், தீபாவளி முடிந்தபோதும் நீ இப்படித்தான் பார்த்திருப்பாய். நான் அப்போது செய்தித்தாளையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி என்றேன். மாலையிலேயே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அச்சு எடுக்கும்போது, உறையின் கனம் எவ்வளவு வைக்கப் போகிறார் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உறையை மாற்றுவது சுலபம். அந்தப் பார்வை மாற எவ்வளவு காலமாகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அளக்க என்னிடம் கருவி இல்லை. இதை நீ படிக்கிற நாளில் அது போயிருந்தால் எனக்குச் சொல். போகாமல் இருந்தாலும் சொல். எனக்குப் பிடிக்காத மாதிரி, நாலு பேர் முன்னாலேயே சொல். இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா